கன்னியம்மா கிணற்றின் களிப்பாறை

போன வாரம் ஒரகடத்தில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். சாம்பல் நிறக் களிப்பாறையின் ஈரவாசனை பஸ் ஜன்னல் வழியாக வந்ததும் இறங்கிவிட்டேன். ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். எதிரே தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். நறநறத்தால் வண்டல், வழவழத்தால் களி. நிலவியலில் நான் உருப்படியாகக் கற்றதெல்லாம் பல்லால்தான்.

முதன்முதலில் இப்படி மென்றது வல்லக்கோட்டைப் பக்கம், கன்னியம்மாவின் வயல் கிணற்றில். எண்ணெய் தேடும் குழுவில் அப்போது நான் புதுசு. மேலே நின்ற கன்னியம்மா, "இன்னாம்மா, சோறு துன்னலியா? மண்ண துன்னுகினு கீறே" என்று சிரித்தார்.

கிணற்றுச் சுவரெங்கும் இலை அச்சுகள். நம் நிலம் அண்டார்டிகாவை விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்தபோது விளிம்பில் விழுந்த பள்ளத்தில் படிந்த சேறுதான் அந்தப் பாறை. காவிரிப் பக்கம் அந்தப் பள்ளம் இறங்கிக்கொண்டே போனது; சேறு ஆழத்தில் புதைந்து, சூடேறி, எண்ணெயானது. இங்கே அவ்வளவு இறங்கவில்லை. "மாவு ஊத்தியாச்சு, அடுப்புதான் எரியல" என்பார் எங்கள் தலைமை அதிகாரி. கிழக்கே கடலை நோக்கி ஆழம் கூடுமே, ஒரே ஒரு சோதனைத் துளை போட்டால் என்ன என்று நான் மல்லுக்கு நின்றேன்.

கிணற்றில் வெட்டியெடுத்த துண்டில் எண்ணெய் வாசனை அடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கை எழுதித் துளைக்கு அனுமதியும் வாங்கிவிட்டேன். ஆய்வகத்தில் பார்த்தால் டீசல்! தண்ணீர் கீழே போய்விட்டதால் கிணற்றின் பாதியில் திட்டு வெட்டி, தண்ணீர் இறைக்கும் எஞ்சினை இறக்கி வைத்திருந்தார்கள். அது சொட்டிய பாறையைத்தான் பொக்கிஷம் மாதிரிப் பொதிந்து கொண்டுபோயிருக்கிறேன். எஞ்சின் என் தலைக்கு மேலேயே இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அனுமதி ரத்து. சுத்தமான துண்டு ஒன்று கிடைத்தால் பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்று தெரிந்துவிடும், இன்னொரு தடவை எடுக்கிறேன் என்று கெஞ்சினேன். "மேலிடத்துல ஒரு தடவ சிரிச்சாங்க, போதும்மா" என்று என்னைக் காவிரிப் பக்கம் மாற்றிவிட்டார் தலைமை அதிகாரி. சொல்லிக்கொள்ளப் போனேன். நிலம் கைமாறிவிட்டது, கிணற்றைத் தூர்க்கப் போகிறார்கள் என்றார் கன்னியம்மா. என் கையில் சுத்தியல்கூட இல்லை.

"ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கக்கா. எஞ்சின் இல்லாத எதிர்ச் சுவர்ல கல்லு எடுக்க வர்றேன்."

"வாம்மா, நான் சொல்லிக்கிறேன்."

போகவில்லை. லீவு கேட்கப் பயம். இன்னொரு தடவை டீசல் என்று சிரித்துவிடுவார்களோ என்று அதைவிடப் பயம்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது அங்கே சமதரை. பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்: "ஒரு வாரம் தாண்டியும் அந்தம்மா மண் லாரிய வுடல. குறுக்க நின்னுகினு, ஒரு பொண்ணு கல்லு எடுக்க வரும், வரும்னு மூணு நாளு சண்ட."

கன்னியம்மா எந்த ஊருக்குப் போனார் என்று அவருக்கும் தெரியவில்லை. கிணறு இருந்த இடத்தில் இன்று புதுக் கார்கள் வரிசையாக வெயிலில் நிற்கின்றன. எண்ணெய் இல்லை என்றே பாறை சொல்லியிருக்கலாம். அதையாவது கேட்டிருக்கலாம். பத்து நாள் அந்தக் கிணறு எனக்காகத் திறந்து கிடந்தது, நான்தான் போகவில்லை.