மாமனார் கழுத்துக்கு ஒரு கத்தி

கை நடுக்கம் வந்ததிலிருந்து என் மாமனார் முகத்தில் தாடி ஏறிவிட்டது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷேவ் பண்ணாத முகத்தோடு புனேயின் வானவடித் தெருவில் இறங்க மாட்டேன் என்று மாலை நடையையே நிறுத்திவிட்டார். சலூனுக்கும் வர மாட்டார். "கண்டவன் கையில கழுத்தக் குடுக்க முடியாது" என்பார். மின்சார ஷேவர் வாங்கிக் கொடுத்தேன், சீண்டவே இல்லை. அவருக்கு அவருடைய பழைய மடக்குக் கத்திதான் வேண்டும். அதுவோ மழுங்கிக் கிடந்தது.

"நானே தீட்டி, நானே பண்ணி விடுறேன் மாமா" என்று வாயை விட்டேன்.

"ஒத்த முடியத் தொங்கவிட்டுக் கத்தியில வைங்க மாப்ளே. தொட்டதும் துண்டாகணும். அப்புறம் கழுத்தப் பத்திப் பேசலாம்."

மகர்பட்டா ஐ.டி. வளாகத்தில் உட்கார்ந்து கணினியைத் தட்டுகிற ஆள் நான். தீட்டுக்கல்லும், தீட்டிய கத்தியை உரசிப் பதமாக்கும் தோல் வாரும் வீட்டுக்கு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிய, அதன் எடையிலேயே தள்ள வேண்டும், அழுத்தவே கூடாது. கேட்க எவ்வளவு சுலபம்! என் கை தானாக அழுத்தியது. கோபம் வந்தால் இன்னும் அழுத்தியது. விளிம்பு கெட்டது. மறுபடி சொரசொரப்பான கல்லில் இருந்து ஆரம்பம்.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஆனாலும் விடவில்லை. ஒருநாள் கத்தி கல்லில் வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போனது. முன்கையில் வைத்து இழுத்தேன், முடி உதிர்ந்தது! சந்தோஷத்தில் இரண்டு கையையும் மழித்துத் தள்ளிவிட்டு, சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு ஆபீஸ் போனேன்.

ஆனால் மாமாவின் தேர்வில் மட்டும் தேறவில்லை. மனைவியின் சீப்பிலிருந்து முடி எடுத்துத் தொங்கவிட்டால் வளைந்து வழுக்கி ஓடியது. தீட்டினேன், வாரில் உரசினேன், மறுபடி தீட்டினேன். "மாப்ளே, தீட்டுறது கத்தியவா, கல்லயா?" என்று சோபாவிலிருந்து குரல் வரும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதும் சனியன் என்று கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்த மனைவி கூந்தலை உதறினாள். ஈர முடி ஒன்று மேசையில் விழுந்தது. வெறுப்போடு அதை எடுத்துக் கத்தியில் வைத்தேன். பட்டென்று துண்டானது!

"ஏய், இங்க பாரேன்!" என்று கத்தினேன்.

அவள் முடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏங்க, இத்தன நாளா எண்ணெ வெச்ச முடியிலயா பாத்தீங்க? அது வழுக்காம என்ன பண்ணும்?"

தேங்காயெண்ணெய்! கத்தி எப்போதிலிருந்து தயாராக இருந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். வீடே அதிரச் சிரித்தேன்.

மாமா இன்னொரு முடியை வைக்கச் சொன்னார். அதுவும் துண்டானது. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி மோவாயைத் தூக்கினார். நுரை பூசிய அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கை உதறியது.

"கை நடுங்குற ஆளு இந்த வீட்ல ஒருத்தன் போதும்" என்றார், கண்ணைத் திறக்காமலேயே.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஒரு கீறல் இல்லை! கன்னத்தைத் தடவிப் பார்த்தவர், காலை வெயிலிலேயே ஷூவை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார். கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

"மோவாய்க்குக் கீழ ரெண்டு முடி நிக்குது. நாளைக்கு அதையும் எடுத்துடுங்க."