ஓரம் போன பிரகடனம்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை அப்படியே செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. குற்றாலத்தில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது வாங்கியது. இப்படிப்பட்ட நகல்களைச் சேர்ப்பது எனக்குப் பல வருஷப் பைத்தியம்.

போன சாரல் மழைக்காலத்தில் அதன் ஓரத்தில் பூஞ்சை பிடித்தது. சுத்தம் செய்து கண்ணாடிச் சட்டம் போட, தென்காசியில் ஒரு கடையில் கொடுத்தேன். திரும்ப வாங்கப் போனபோது தாளின் நான்கு ஓரமும் இல்லை. அச்சிடும்போது தகடு அழுந்திய பள்ளம் அந்த ஓரத்தில்தான் இருந்தது. தகட்டு அச்சு என்பதற்கு அதுதான் அடையாளம்.

“கறுத்துப்போய் அசிங்கமா கெடந்துச்சு அண்ணாச்சி, வெட்டிட்டேன். இப்ப பளிச்சுன்னு இருக்குல்லா?” என்றார் கடைக்காரர்.

“வெட்டின துண்டு எங்க?”

“அது காலையிலயே குப்பைக்குப் போயிட்டே.”

முன்பென்றால் கத்தியிருப்பேன். அன்று அதற்கும் தெம்பில்லை. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

வீட்டில் மனைவி உற்றுப் பார்த்தாள். “எழுத்து ஒண்ணும் போவலியே. கையெழுத்தெல்லாம் இருக்கு. பெறவு என்ன?”

விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. “ஒண்ணுமில்ல” என்றேன்.

மறுவாரம், வழக்கமாக எனக்கு நகல்கள் தேடித் தரும் சென்னை வியாபாரி போன் செய்து, பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பிரகடனத்தின் நகல் ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.