மார்கழியில் ஒரு காது குத்து

லுசாகா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது, ஆனால் அவர் தெரிந்த மாதிரி தலையாட்டுவார். அவருடைய ஒரே தங்கை கல்யாணமாகி அங்கே போய் மூன்று வருஷமாகியும் எங்கள் வீட்டில் அந்த ஊருக்குப் பெயர் வெறும் ஆப்பிரிக்காதான். தன் பெண் குழந்தைக்குக் காது குத்த அண்ணன் வர வேண்டும் என்று அவள் போன் செய்த பிறகுதான் அமெரிக்காவில் நாங்கள் இருந்த சன்னிவேல் ஊர் நூலகத்துக்குப் போய் அட்லஸை விரித்து, ஜாம்பியாவையும் அதன் தலைநகரத்தையும் விரலால் தேடிப் பிடித்தோம்.

"தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தணும்னு அத்தை சொல்லிட்டாங்க அண்ணி. நாலு நாள் வந்தாப் போதும். அண்ணாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

அத்தை என்பது அவளுடைய மாமியார். பிரசவத்துக்காக ஈரோட்டிலிருந்து போயிருந்தார். என் மாமனார், மாமியார் இருவரும் காலமாகிவிட்டார்கள். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்தப் பெண்ணுக்கு இருந்தது இந்த ஒரு அண்ணன்தான். அவரும் போகாவிட்டால் சபையில் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

எனக்கு அந்த வலி தெரியும். என் மகளுக்குக் காது குத்த என் தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு மாலில், சுவரில் மாட்டியிருந்த வளையங்களுக்கும் தொப்பிகளுக்கும் நடுவில், துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து ஒரு பெண் டக் டக்கென்று சுட்டாள். குழந்தை அப்பா மடியில் உட்கார்ந்திருந்தது. மாமன் இல்லை, சீர் இல்லை, ஒரு வெல்லக்கட்டி கூட இல்லை. அன்றைக்குக் காரில் உட்கார்ந்து நான் அழுத அழுகைக்கு அளவில்லை. அதனால்தான் சொன்னேன், "ஏங்க, தலைய அடமானம் வெச்சாவது நீங்க போறீங்க."

தலையை அடமானம் வைப்பது சுலபம். கிரீன் கார்டு ஃபைலை வைப்பதுதான் கஷ்டம். எங்கள் ஃபைல் பல வருஷம் நகர்ந்து நகர்ந்து கடைசிப் படிக்கு வந்திருந்தது. இந்த நேரத்தில் அனுமதிக் கடிதம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் ஃபைலைக் கைவிட்டதாக அர்த்தம் என்றார்கள். கடிதம் கையில் இருந்தாலும் திரும்பி வரும்போது ஏர்போர்ட் அதிகாரி நினைத்தால் திருப்பி அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். அப்புறம் எதற்கு அந்தக் கடிதம்?

கம்பெனி வக்கீலம்மாவிடம் போனில் கேட்டார் என் கணவர். அவள் சிரித்துச் சிரித்து அரைமணி நேரம் பேசினாள்.

"என்ன சொன்னா? போலாமா, கூடாதா?"

"போறதுல பிரச்சினை இருக்காதாம். ஆனா போகச் சொல்லி ரெகமெண்ட் பண்ண மாட்டாளாம்."

"இது என்னங்க பேச்சு?"

"அதான் எனக்கும் புரியல."

சனிக்கிழமை எல் கமினோ ரியல் ரோட்டுத் தோசைக் கடைக்குப் போனால் அங்கே ஆளாளுக்கு வக்கீல். ஒருத்தர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "ஹெச் ஒன் வேலை விசா இருக்குல்ல, தைரியமா போங்க" என்பார். இன்னொருத்தர், "ஐயோ, போகவே போகாதீங்க. என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு மெக்சிகோவ எட்டிப் பாத்துட்டு வந்தான், மாட்டிக்கிட்டான்" என்பார். மாட்டிக்கொண்டவன் பிறகு என்ன ஆனான் என்று கேட்டால் அது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வருவதற்குள் யார் எதைச் சொன்னது என்பதையே இவர் குழப்பிக்கொண்டுவிடுவார். போகலாம் என்று கிளம்பி, வேண்டாம் என்று காரை நிறுத்தி, மறுபடி போகலாம் என்று படியேறுவார்.

ஊசி ஒரு தனிக் கூத்து. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்றாள் கிளினிக் நர்ஸ். எந்த வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்தது என்றார் டிக்கெட் போடுகிறவர். வழி என்னவென்று அவரையே கேட்டால், லண்டன் வழியா, நைரோபி வழியா, ஜோகன்னஸ்பர்க் வழியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். லண்டனில் இறங்கி ஏறவே தனி விசா வேண்டும் என்றார் ஒருத்தர், வேண்டாம் என்றார் இன்னொருத்தர். நாலு நாள் பயணத்துக்கு நாங்கள் பட்ட பாட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமே செய்து வைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் கேள்வி இல்லாமல் போய்விட்டு வரக்கூடிய ஒரே ஆள் என் நாலு வயது மகள். இங்கே பிறந்தவள், அமெரிக்க பாஸ்போர்ட். அவள் டிவி முன்னால் கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றுகொண்டு, "ஆர் தேர் லயன்ஸ்?" என்றாள்.

முதலில் ஆவணியில் முகூர்த்தம் என்றாள் நாத்தனார். கடிதத்துக்கு விண்ணப்பித்தோம், வரவில்லை. எப்படிச் சொல்வது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு போன் செய்தால், "பரவால்லீங்க அண்ணி, ஐப்பசிக்கு மாத்திட்டேன்" என்றாள். ஐப்பசியிலும் வரவில்லை. கார்த்திகைக்கு மாற்றினாள். எவ்வளவு தங்கமான மாமியார் என்று நினைத்துக்கொண்டேன். என் அம்மா வீட்டுப் பக்கமாயிருந்தால் இரண்டாம் தடவை தேதி மாற்றும்போதே, அண்ணனும் வேண்டாம் ஆட்டுக்குட்டியும் வேண்டாம் என்று முடித்திருப்பார்கள்.

கார்த்திகையின் கடைசி முகூர்த்தமும் போன பிறகு ஒரு நாள் தபாலில் கடிதம் வந்தது. இவருக்கு மட்டும். என்னுடையது ஏன் வரவில்லை, ஒரே கவரில் அனுப்பியதாயிற்றே என்று வக்கீலம்மாவைக் கேட்டேன், அதற்கும் சிரித்தாள். சரி, இவராவது போகட்டும். ஆனால் இவருக்கு லீவு கிடைப்பது கிறிஸ்துமஸுக்கு ஆபீஸை மூடும் நாட்களில் மட்டும்தான். அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம் என்றால் இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்ற ஒய்டுகே பூதம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது, யாருக்கும் லீவு என்ற பேச்சே கிடையாது. கிறிஸ்துமஸ் என்றால் மார்கழி. மார்கழியில் யாராவது காது குத்துவார்களா? நல்ல காரியம் எதுவுமே செய்யாத மாதமாயிற்றே!

திட்டு வாங்கத் தயாராகத்தான் போன் செய்தேன். அவள் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை.

"மார்கழியா இருந்தா என்ன அண்ணி? வரட்டும்."

"அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நீங்க டிக்கெட் போடுங்க."

எனக்குத் தலை சுற்றியது. இவரிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் படித்த மனிதர் தாடையைத் தடவிக்கொண்டு ஒரு விளக்கம் சொன்னார். "அது பூமத்திய ரேகைக்குக் கீழ இருக்கு. இங்க குளிர்னா அங்க வெயில். அப்ப மார்கழியும் தலைகீழா ஆனி மாதிரி ஆயிடுமோ என்னமோ." சிரிக்க வேண்டிய பேச்சு. ஆனால் அன்றிருந்த குழப்பத்தில் இருந்தாலும் இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. பஞ்சாங்கத்தில் ஜாம்பியாவுக்குத் தனிப் பக்கம் இருக்குமோ என்று கூடப் புரட்டிப் பார்த்தேன்.

இதைப் போய் எங்கள் அபார்ட்மெண்டில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாமியிடம் சொல்லித் தொலைத்தேன். மாமி துணி மடித்துக்கொண்டிருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏண்டி, சூரியன் தனுசுல இருந்தா எந்த ஊர்லயும் மார்கழிதானேடி! எந்த மாமியார் மார்கழில காது குத்த ஒத்துப்பா?"

"அவங்க வீட்டு வழக்கம் அப்படி ஆன்ட்டி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணை விட்டுக்கொடுக்க முடியுமா? ஆனால் படியேறும்போது அந்தக் கேள்வி கூடவே ஏறி வந்தது. எந்த மாமியார் ஒத்துக்கொள்வார்?

மறுநாள் காலை இவர் ஆபீஸ் போனதும் போன் கார்டை எடுத்து நம்பர்களை அழுத்தினேன். அங்கே சாயங்காலம்.

"அத்தைகிட்ட குடு. தேதி விஷயமா நானே பேசிடறேன்."

குழந்தையை இறக்கிவிடுகிற சத்தம் கேட்டது.

"அத்தை இங்க இல்லீங்க அண்ணி."

"எங்க போயிருக்காங்க?"

"ஊருக்கு. சித்திரையிலயே போயிட்டாங்க."

சித்திரை! எங்களை ஆவணிக்கு அழைப்பதற்கு எவ்வளவோ முன்னால். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அப்ப காது குத்து?"

"குத்தியாச்சு. அவங்க போறதுக்கு முந்தியே இங்க ஒரு டாக்டர் குத்திட்டார்."

வந்ததே எனக்கு ஆத்திரம். "என்ன விளையாட்டுடி இது? உங்கண்ணன் தூங்கியே மாசக்கணக்காச்சு. வக்கீல் கால்ல விழாத குறை. ஃபைலே போயிருந்தா என்ன பண்ணியிருப்பே? எதுக்கு இந்தப் பொய்?"

அவள் அழவில்லை. ரொம்ப நிதானமாகத்தான் சொன்னாள். "சும்மா வாங்கன்னு கூப்ட்டா வருவீங்களா அண்ணி? முறைன்னு சொன்னாத்தான் வருவீங்க."

அவளே தொடர்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வேலை செம்புச் சுரங்கத்துப் பக்கம். போனா வாரக்கணக்குல வரமாட்டார். இங்க பெரிய காம்பவுண்டு சுவர், ஒரு வாட்ச்மேன், நானு, குழந்தை. தமிழ்ல குழந்தைகிட்ட மட்டும்தான் பேசறேன். அது திருப்பிப் பேசுமா? நம்ம ஆளு ஒருத்தர் எதிர்ல உக்காந்து ஒரு வாய் சோறு சாப்பிடறதப் பாக்கணும் போல இருக்கு. அவ்வளவுதான். அண்ணாகிட்ட சொல்லிடுங்க, வர வேண்டாம்னு."

இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று போன் கார்டுக்காரியின் பதிவுக் குரல் இங்கிலீஷில் குறுக்கே வந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் சொன்னது ஒன்றே ஒன்று. "நீ வாய மூடிக்கிட்டு இரு. உங்கண்ணன் வருவார்."

இவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால், "நல்ல வேளை, கிரீன் கார்டு வந்ததும் எல்லாருமா நிதானமா போலாம்" என்று நிம்மதியாகக் காபி கேட்பார். நாங்கள் எல்லாருமே அப்படித்தானே? சாவுக்குப் போவோம், கல்யாணத்துக்குப் போவோம், காது குத்துக்கு ஃபைலைப் பணயம் வைப்போம். ஏங்கிப் போயிருக்கிறாள், பார்த்துவிட்டு வரலாம் என்று லீவு போட்டவர் யாரையும் நான் இந்த ஊரில் கண்டதில்லை.

பெட்டி கட்டினேன். பட்டு வேட்டியை மேலாக வைத்தேன். குட்டித் தோடு, சட்டை, வெல்லம், கல்கண்டு எல்லாம் வைத்தேன். தேங்காயைக் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டார். "ஆப்பிரிக்கால தேங்காயா கிடைக்காது?" என்று எரிந்து விழுந்தேன். இரண்டு நாளாய் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டுதான் இருந்தேன். ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு என்று இடம் இருந்த வரைக்கும் திணித்தேன். காது குத்துக்கு எதற்கு இவ்வளவு முறுக்கு என்றார். "சபைக்கு" என்றேன்.

அவர் திரும்பிய நாளில் சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இவரைக் காணோம். வேண்டாத தெய்வமில்லை. கடைசியில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கசங்கிய சட்டையோடு வந்தார். "உள்ள கூப்ட்டு உக்கார வெச்சாங்க. அப்புறம் ஒண்ணும் கேக்காம முத்திரை குத்திக் குடுத்துட்டான். ஏன்னு தெரியல" என்றார்.

கார் ஃப்ரீவேயில் ஏறியது, அவர்தான் ஓட்டினார். மகள் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். அங்கே போய் இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், கோபமாக இருக்கிறாரோ, என்னிடம் மறைக்கிறாரோ, ஒன்றும் விளங்கவில்லை. பொறுக்க மாட்டாமல் நானே ஆரம்பித்தேன்.

"காது குத்தறப்ப குழந்தை அழுதுச்சா?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"குழந்தை அழல. நான் சாப்ட உக்காந்தப்ப அவதான் அழுதா."