அத்தர் கடைக்காரருக்கு லாவெண்டர் எண்ணெய்

மறதி நோய் வந்தபிறகு, சாயங்காலமானால் என்னைப் பெற்ற அத்தாவுக்கு மூட்டுவலியும் கோபமும் சேர்ந்தே வரும். லாவெண்டர் எண்ணெய் தடவிக் கையை நீவிவிட்டால் அமைதியாவார் என்றார் டாக்டர். கும்பகோணத்தில் ஆயுள் முழுக்க அத்தர் விற்றவருக்கு வாசனை வைத்தியமா என்று முணுமுணுத்தபடிதான் வாங்கினேன்.

தொட்டதுமே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குப்பியைப் பிடுங்கி மோந்தார், முகம் கோணியது.

"இத எந்தக் கடையில உங்க தலையில கட்டுனாங்க?"

பிறகு என் புறங்கையில் ஒரு சொட்டு வைத்து, கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தார். மோந்துபார்க்கக் குனிந்தேன், தடுத்தார்.

"அவசரப்படாதீங்கம்மா. ஆறட்டும். அப்பதான் சரக்கு தெரியும்."

அது ஆறும்வரை மூட்டுவலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கத்தலும் இல்லை. நீவிவிடப் போன எனக்குத்தான் சுகமாகத் தூக்கம் வந்தது.

"இது வேணாம்மா. நாளைக்கு நல்ல சரக்கு வருது, வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

மகளாகப் போனால் கையை இழுத்துக்கொள்கிறார், வாடிக்கையாளர் என்றால் நாளைக்கும் வரச் சொல்கிறார். அதனால் மறுநாள் அவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பாய், நேத்து சொன்ன சரக்கு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தேன்.

"உங்களுக்காகத்தான் எடுத்து வச்சிருக்கேன், உக்காருங்க" என்றார்.