மூன்று துளி வைத்த நீ

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். சீன எழுத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்கலாம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அத்தை தன்னைப் பற்றி எழுத மாட்டார், அதனால்தான் நான்.

வெள்ளகோவில் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு ஷெட். சோளம் விதைத்த காட்டை விற்று, அந்த ஷெட்டில் அப்பா ஒரு சீன எம்பிராய்டரி மெஷின் வாங்கிப் போட்டார். அதை ஓட்டிக் கொடுக்கச் சீனாவிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்து இருபது நாள் தங்கினார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது. கையைக் காட்டியே பேசிக்கொண்டோம். கிளம்பும்போது எங்கள் கம்ப்யூட்டரில் சீன எழுத்து அடிக்க வழி செய்து கொடுத்து, தன் ஈமெயில் முகவரியையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

புருஷன் வீடு சரிப்படாமல் எங்களோடு வந்து இருந்த அத்தை, கோவையிலிருந்து புத்தகம் வரவழைத்து அந்த மொழியைப் படிக்க உட்கார்ந்தார். அப்பா சிரித்தார்.

ஆறு மாதத்தில் மெஷின் நின்றது. நான்கு நாள் ஆகியும் உள்ளூர் ஆட்களுக்குப் பிடிபடவில்லை. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மெக்கானிக்குக்கே ஈமெயில் எழுதிக் கேட்கலாம் என்றார் அத்தை.

ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால், அந்த ஒலியுள்ள சீன எழுத்துகள் எண் போட்டு வரிசையாக வந்து நிற்கும். புத்தகத்தில் இருப்பது எது என்று பார்த்து எண்ணைச் சொல்வது என் வேலை. மெஷினுக்கும் கோழிக்கும் அங்கே ஒரே ஒலியாம். என் அவசரத்தில், எங்கள் கோழி நான்கு நாளாக ஓடவில்லை என்று ஒரு வரி ஆகிவிட்டது. அத்தை கண்டுபிடித்து அழித்தார்.

அடுத்து 'நீ' வந்தது. சீனத்திலும் அதை 'நீ' என்றுதான் சொல்கிறார்கள், பொருளும் அதேதான். அத்தை கையை எடுத்துவிட்டார்.

"பெரியவருக்குப் போயி நீன்னு எழுதறதா?"

"அவிங்க ஊர்ல அப்படித்தான் இருக்கும். நீ அனுப்பியுடு அம்மணி" என்றார் வாசலில் நின்ற அப்பா.

"நாம அப்படி இல்லீங்களே அண்ணா."

புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஒரு மணி நேரம் போனது. அப்பா ஷெட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். கடைசியில் 'நின்' என்ற ஒலியில் ஓர் எழுத்து அகப்பட்டது. அதே நீதான், அடியில் மட்டும் ஒரு வளைகோடும் மூன்று துளியும் கூடுதல்.

"இது மனசாம் கண்ணு. நீக்குக் கீழ மனச வெச்சா நீங்கன்னு ஆயிருது."

கடிதத்தில் ஏழு இடத்தில் அதை வைத்தார். நான் சலித்துப்போய், "நீ சீக்கிரம் அடி அத்தை" என்றேன். ஷெட்டில் வேலை செய்பவர்கள் வரை எல்லோருக்கும் ங்க போட்டுப் பேசும் வீடு எங்களுடையது. அத்தை மட்டும் எல்லோருக்கும் நீதான்.

மறுநாள் பதில் வந்தது. எந்த ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தார். அத்தை புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்துச் சொல்ல, மத்தியானம் மெஷின் ஓடியது. அத்தையை விளித்த இடத்திலெல்லாம் மெக்கானிக் அந்த மூன்று துளி எழுத்தையே போட்டிருந்தார். அத்தை திரையில் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தூசி என்று நினைத்து, நான் துடைக்கத் துணி எடுத்து வந்தேன்.