பிரியாணி தேக்சாவில் கொதித்த கொள்ளிட மணல்

எதிர் வீட்டு மாடி வேலைக்கு லாரியில் எம்-சாண்ட் வந்து இறங்கியது. "ஆத்து மணல் போட மாட்டீங்களா?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "கொள்ளிடத்துல ஏது சார் மணலு?" என்றார். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த மணலில் இரண்டு மூட்டையோடு எனக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. அப்போது ஆராய்ச்சி மாணவன். கடலடி மணலுக்குள் ஒலி எப்படிச் சிதறுகிறது என்று அளப்பது வேலை. கடல் இல்லாத திருச்சியில் இதென்ன ஆராய்ச்சி என்று நீங்களும் கேட்காதீர்கள், வீட்டில் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். சிமெண்டுத் தொட்டியில் கொள்ளிட மணலைக் கொட்டி உப்புத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் எங்கள் வங்காள விரிகுடா.

ஒலியை அனுப்பினால், மணலுக்குள்ளிருந்து கணக்குக்கு மீறிய பலத்தோடு எதிரொலி வந்தது. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதி, கோவா கருத்தரங்குக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

உடன் ஆராய்ச்சி செய்த ஜமீலா தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"மணலுக்குள்ள காத்துக் குமிழி இருக்கும்ங்க. அதுதான் இவ்வளவு சத்தத்தைத் திருப்பி அனுப்புது. கொதிக்க வச்சுக் குமிழியை வெளியேத்திட்டு அளந்து பாருங்க."

அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு எங்கே போவது? கல்யாணச் சமையல் செய்யும் அவர் மாமா பிரியாணி தேக்சா கொடுத்தார். கேண்டீனுக்குப் பின்னால் விறகடுப்பில் மணல் கொதித்தது. தேக்சாவில் ஊறிப்போன பழைய பட்டை வாசனைக்கு ஹாஸ்டல்காரர்கள் இரண்டு பேர் வந்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆறியதும் காற்றுப் படாமல் தண்ணீரோடு தொட்டிக்கு மாற்றி அளந்தோம். எதிரொலி எந்த மணலுக்கும் உள்ள அளவுதான். என் கண்டுபிடிப்பு ஆவியாகப் போயிருந்தது.

"ரெண்டு கிராஃபையும் காட்டிருங்க" என்றார் ஜமீலா. "காட்டாம இருப்பேனா?" என்றேன்.

கோவாவில் பழைய கிராஃபை மட்டும் காட்டினேன். கைதட்டினார்கள். குமிழியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் ஜமீலா கேட்டார். "நேரம் இல்லீங்க" என்றேன். அவர் தேக்சாவைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் என் தொட்டிப் பக்கம் வரவே இல்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மறுபடி அளந்து, செய்தது தப்பு என்று எழுதிவிடலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொட்டியை இடித்து பைக் ஸ்டாண்டு கட்டிவிட்டார்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய இடத்தில் ஆள் முழுகும் பள்ளம். நல்ல சாக்குதான். தப்பை ஒத்துக்கொள்ள மணல் எதற்கு என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அவர் நம்பர் என்னிடம் இல்லை.