சட்டமன்றத்தில் எங்கள் ஓடை

முத்தையாபுரத்தில் என் மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்தால், உப்பளங்களுக்கு அப்பால் நிலக்கரிக் குவியல் தெரியும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறியதும் அந்தக் கரி எங்கள் தெருவுக்கு வந்துவிடும். காலையில் துடைத்த கண்ணாடி அலமாரியில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களிடம், "முதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான், அதே குவியலுக்குப் பக்கத்தில் கரி கொட்டிவைக்க இன்னொரு யார்டு வரப்போகிறது என்ற செய்தி வந்தது. ஓடை கடலில் சேருகிற இடத்தைத் தூர்த்து, அங்கே நிற்கும் அலையாத்தி மரங்களை வெட்டி, அதன்மேல் கரியைக் கொட்டப் போகிறார்கள்.

எங்களைக் கூட்டிச் சேர்த்தவர் ஒரு டீச்சர். முத்தையாபுரத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்று, மில்லர்புரத்தில் தனியாக இருந்தவர். மூச்சிளைப்புக்காரர். மருந்து வாங்க என் கடைக்கே வருவார். ஒருநாள் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஆபீஸ் ஆபீசா மனு குடுத்து என்ன கண்டோம் அண்ணாச்சி? சட்டமன்றத்துல ஒருத்தர் எந்திரிச்சுக் கேட்டாத்தான் பதில் சொல்ல வேண்டிய கடமை வரும். எம்.எல்.ஏ. உங்ககூடப் படிச்சவர்தானே?"

படித்தவன்தான். சாயர்புரம் கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. ஆனால் அவன் ஜெயித்த பிறகு நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் எப்படிக் கூப்பிடுவது என்பதே எனக்குக் குழப்பமாக இருந்தது.

டீச்சரும் நானும் அவன் அலுவலகத்துக்குப் போனோம். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், மாறுதல் கேட்டு வந்தவர்கள், கல்லூரி சீட்டுக்கு வந்தவர்கள் என்று கூட்டம் வாசல்வரை நின்றது. உதவியாளர் எங்களிடம், "டிரான்ஸ்பரா, சீட்டா?" என்று கேட்டார்.

"ஓடை விஷயமா," என்றேன்.

"சாக்கடைன்னா கார்ப்பரேஷனுக்குப் போங்க அண்ணாச்சி."

அதற்குள் அவனே உள்ளேயிருந்து பார்த்துவிட்டான். "ஏலே, நீயா? உள்ள வா. டீச்சர், நீங்களும் வாங்க."

நான் "சார்" என்று ஆரம்பித்தேன். அவன் முகம் சட்டென்று வாடியது. "நீயும் 'சார்'ங்குத. சரி, சொல்லு."

டீச்சர்தான் சொன்னார். அந்த மரங்களின் வேருக்குள்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கிறது, ஓடையை அடைத்தால் மழைத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறும், இருக்கிற கரிக்கே மூச்சு விட முடியவில்லை என்றார். யார்டு வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை, வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள் என்றார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. நான். என் வாயால இதைக் கேக்கச் சொல்லுதீங்க," என்றான்.

"உங்க வாயால கேட்டாத்தான் கேப்பாங்க," என்றார் டீச்சர்.

"ஒருநா வாரேன். கூட்டம் சேர்க்காதீங்க."

வருவான் என்று நான் நம்பவில்லை. ஆனால் வந்தான். கொடி கட்டாத காரில், கூட யாருமில்லாமல், காற்று ஏறுகிற மூன்று மணி வாக்கில் வந்தான். நாங்கள் அவனை எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனோம். அந்த வீட்டுப் பெண் கைக்குழந்தையை மடியில் வைத்து, மூக்குக்குள் துணித்திரியைச் சுழற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். திரி கறுப்பாக வந்தது. அவள் அவனை யார் என்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. "தெனமும் இப்படித்தான்," என்று மட்டும் சொன்னாள். அவன் குனிந்து அந்தத் திரியைப் பார்த்தான், பிறகு குழந்தையைப் பார்த்தான். வெளியே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தான். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டதும் அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு மரங்கள் வரைக்கும் போனான்.

திரும்பி வரும்போது என்னிடம் மட்டும் சொன்னான். "பேசுதேன்லே. ஆனா பேசுனதுக்குப் பொறவு எனக்கு என்ன ஆச்சுன்னு நீ கேக்கக் கூடாது."

சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் அதைக் கவன ஈர்ப்புத் தீர்மானமாகக் கொண்டுவந்தான். கடையில் நானும் டீச்சரும் போனில் பார்த்தோம். டீச்சர் எழுதிக் கொடுத்ததைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவன் தன் சொந்தச் சொல்லில் பேசினான். குழந்தையின் மூக்கிலிருந்து வந்த திரியைப் பற்றிச் சொன்னான். அவனுக்குப் பின் வரிசையில் இருந்த ஒருவர் சிரித்தது கேமராவில் தெரிந்தது. சபாநாயகர் சுருக்கமாக முடிக்கச் சொன்னார். அமைச்சர் எழுந்து, ஆய்வுக் குழு அனுப்பப்படும் என்றார். மேசை தட்டும் சத்தம் கேட்டது. டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஊரில் எல்லோருக்கும் அந்தச் சந்தோஷம் இல்லை. எதிர்த்த வீட்டு லாரிக்காரர் மறுநாள் கடைக்குள் வந்து, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"உம்ம பையன் வெளிநாட்டுல இருக்கான் அண்ணாச்சி. என் பையனுக்கு யாரு வேலை குடுப்பா? நீரா?"

அவர் அம்மாவுக்கு இளைப்பு மருந்து என் கடையில்தான் வாங்குவார். அன்றிலிருந்து பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்கினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

குழு ஐப்பசி மழையில் வந்தது. முந்தின இரவெல்லாம் கொட்டித் தீர்த்திருந்தது. கூரையும் மரமும் ரோடும் கழுவிவிட்டதுபோல் இருந்தன. கரிக்குவியல் நனைந்து அமுங்கிக் கிடந்தது. டீச்சர் அவர்களிடம், "வெயில் காயட்டும், இன்னும் நாலு நாள் கழிச்சு வாங்க," என்று கெஞ்சினார். அவர்களில் ஒரு அதிகாரி, "எங்களுக்கு இன்னைக்குத்தான் தேதி போட்டிருக்கும்மா," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பொங்கலுக்குப் பிறகு நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. சுற்றுச்சுவர் கட்ட வேண்டும், தார்ப்பாய் போட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். மரங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள். சர்ச்சில் ஆராதனையில் இருந்த டீச்சருக்கு யாரோ தகவல் சொல்ல, ஆட்டோ பிடித்து வந்தார். நான் போனபோது எந்திரம் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. ரொம்ப நேரம் இருமல் நிற்கவில்லை. ஆட்டோக்காரரும் நானுமாகத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தோம். மாசி முடியும் முன்னே மகள் வந்து அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

அடுத்த தேர்தலில் என் நண்பனுக்குக் கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தபடி நானும் கேட்கவில்லை. புதிதாக வந்தவர் யார்டுத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்.

போன மாதம் அவன் கடைக்கு வந்தான். பைக்கில் வந்திருந்தான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். டீக்குச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் இளைத்திருந்தான். லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தான். தார்ப்பாய் போட்ட லாரியும் இருந்தது, போடாததும் இருந்தது.

"நான் பேசுனது சபைக் குறிப்புல இருக்கும்லா?" என்று கேட்டான்.

"இருக்கும். அழிக்க முடியாதுல்லா."

"கோயம்புத்தூருக்குப் போன் பேசும்போது டீச்சர்ட்ட கேட்டியா, என்ன சொன்னாங்க?"

"என்னத்த?"

"நான் பேசுனது சரிதானான்னு."

"அவங்க ஒன்னைப் பத்திக் குறையா ஒரு வார்த்தை சொன்னதில்லலே," என்றேன். என்னையறியாமல் அந்த 'லே' வந்துவிட்டது. அவன் தலையை ஆட்டினான். அவனுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. ஒரு பெண் குழந்தையோடு வந்து மருந்துச் சீட்டை நீட்டினாள். நான் எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, அவன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான்.